சட்டையில் ஒட்டிய நூல்

என் அண்ணன் வாயிலிருந்து 'நல்லாயிருக்கு' என்று வருவது குதிரைக்கொம்பு. அது தெரிந்தும், கண்காட்சிக்கு அனுப்புவதற்கு முன் என் துணிச்சித்திரத்தை அவன் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டேன்.

அம்மா தையல்காரி. பள்ளிக்கூடம் கிளம்பும் எங்களை வாசலில் நிறுத்தி, சட்டையில் ஒட்டிய நூலை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவாள். அவள் தைத்த அறைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மா போன பிறகு, அது ஞாபகம் இருப்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான். அந்த அறையைத்தான் ஆளுயரத் துணியில் நூலால் தைத்து மரச்சட்டத்தில் கட்டியிருந்தேன். மிஷின், ஜன்னல், மிஷின் பக்கத்தில் தரையில் தூங்கும் அண்ணன். அவனுக்கே அடையாளம் தெரியாவிட்டால் நான் தைத்ததற்கு அர்த்தமே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். அட, சொல்லிவிட்டானே என்று பூரிப்பதற்குள், "யாரு வீடு?" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அம்மா ரூம்ணா! கண்ணத் தொறந்து பாரு."

"ஜன்னல் இடது பக்கம்ல இருந்துச்சு? நீ வலது பக்கம் வச்சிருக்க. அதோட, இவ்வளவு சுத்தமாவா இருந்துச்சு?"

"உனக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது!"

மாதக்கணக்கில் தைத்த எனக்குத் தெரியாதா? கண்ணை மூடினாலும் ஜன்னல் வலது பக்கம்தான் தெரிந்தது. அவன் வம்பு வேண்டாம் என்று சட்டத்துக்குப் பின்னால் நழுவினான்.

"இங்க வாயேன்." குரல் மாறியிருந்தது.

துணியின் பின்பக்கத்தில் ஜன்னல் இடது பக்கம் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. வரைந்த தாளைத் துணிமேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் கோடு துணியில் இறங்கும், ஆனால் இடம் வலமாகிவிடும். அதனால் முதலிலேயே திருப்பி வரைய வேண்டும். நான் நடத்தும் தையல் வகுப்பில் இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பவள் நான்! மறந்து தொலைத்திருக்கிறேன். தைத்துத் தைத்து என் ஞாபகமும் கூடவே திரும்பிவிட்டது.

"சரி, நீ சொன்னதுதான் சரி. இந்தப் பக்கத்தையே காட்டிடறேன்" என்று, தொங்கும் நூல்களை நறுக்கக் கத்தரியை எடுத்தேன்.

"ஐயோ, வெட்டாத! அம்மா ரூம்ல தரை பூரா நூல் இப்படித்தானே கிடக்கும்?"

ஆமாம், அப்படித்தான் கிடக்கும். கத்தரியைக் கீழே வைத்தேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது அவன் சட்டையில், தோள்பட்டையருகே ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. அவனும் பார்த்துவிட்டான். தட்டிவிடாமல் வாசலில் அப்படியே நின்றான்.

எடுத்துவிட்டேன். "ம், போயிட்டு வா" என்றேன்.