கெங்கம்மாவை ஏலம் விட்ட கதை

ஜெகதீசன் ஒருவரைப் புகழ்ந்தால், அந்த ஆள் உடனே வீட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எண்ணூர்க் குப்பத்தில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மீனவர் சங்கத் தலைவர், மீன் ஏலம் முடிந்து கூடையை அலசிக்கொண்டிருந்த கெங்கம்மாவின் முன்னால் வந்து கும்பிடு போட்டார். சங்கக் கூட்டத்தில் ஒருநாள்கூட அவளுக்கு நாற்காலி நகர்த்தாத கை அது.

"யக்கா, உம்பேரைத்தான் குடுத்துக்கீறேன். சமூகத் தலைமைப் பயிற்சி! ஏற்காட்டுல ஒரு வாரம், ஏசி ரூமு. குப்பத்துக்கு ஒரே ஒரு ஆளு. நீ சிங்கம் யக்கா!"

"போன சங்கக் கூட்டத்துல என்னிய இன்னான்னு சொன்ன?"

"இன்னா சொன்னேன்?"

"வாயாடின்னு."

"அதான் யக்கா தலைமைப் பண்பு!"

பயிற்சியை நடத்துவது யார் என்று அவர் சொல்லவில்லை. தோளில் தொங்கிய புதுப் பை சொன்னது. கழிமுகத்தை ஒட்டி நிலக்கரிக் கிடங்கு கட்டத் துடித்துக்கொண்டிருந்த கம்பெனியின் அறக்கட்டளைப் பெயர் அதில் பளபளத்தது.

அன்றைக்குக் குப்பமே இனித்தது. டீக்கடை பாஸ்கர் கேட்காமலே டீயில் ஆடை போட்டுக் கொடுத்தான். குழாயடியில் அவளுக்கு வழி விட்டார்கள். கெங்கம்மா வீட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"ஓசில ஏற்காடு. போய்ட்டு வாயேன்க்கா" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி மலர்க்கொடி.

"மீனு வாங்க வர்றவ இன்னாடி சொல்லுவா?"

"செவுளு வெளுத்துப்போச்சி, கண்ணு குயி வியுந்து கீதும்பா."

"அப்ப மீனைப் புகழ்றது யாரு?"

"விக்கிறவன்."

"அதாண்டி. என்னிய எவனுக்கோ வித்துகினு கீறான்."

எவனுக்கு என்பதை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்து ஊருக்கே அறிவித்தது. வருகிற புதன்கிழமை, கிடங்கு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம். ஏற்காட்டு வண்டி கிளம்புவதோ திங்கட்கிழமை.

இதற்கு முந்தைய கருத்துக் கேட்பில், அனல்மின் நிலையச் சாம்பல் அப்பிய நண்டு ஒன்றை அதிகாரியின் மேசைமேல் விட்டவள் கெங்கம்மா. நண்டு தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தது. அதிகாரி நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தார். இந்த முறை அவள் இல்லாமல், மைக் ஜெகதீசன் கைக்குப் போனால், 'எங்கள் குப்பம் மனமார வரவேற்கிறது' என்று அரை நிமிடத்தில் கழிமுகத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். மாட்டேன் என்று சொன்னாலும் பயனில்லை. வேறொருத்தியை அனுப்பிவிட்டு அவர் இங்கேயே இருப்பார். கிளம்ப வேண்டியது யார் என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

ஞாயிறு மாலை, வலைக் கொட்டகையில் ஆதரவுக் கூட்டம். அறக்கட்டளையிலிருந்து சௌமியா என்ற பெண் பொன்னாடையோடு வந்திருந்தாள். ஊர் ஆதரிக்கிற ஆள் யாரானாலும் அவளுக்குச் சரி. இரவுக்குள் ஒரு பெயர் உறுதியாகிப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

கெங்கம்மா முந்தானையைத் திருகினாள். "எனக்கு இன்னாத்துக்கு தலைவரே இதெல்லாம்? மலைக்காத்து ஒத்துக்காது."

"மருந்து யக்கா அந்தக் காத்து!"

"சோறு எப்டி இருக்குமோ?"

"கல்யாண சாப்பாடு! பொறந்தா இப்டி ஒரு பாக்கியத்தோட பொறக்கணும்."

"நீயா இருந்தா போவியா?"

"நானா? இந்தா, கட்டுன கைலியோட கெளம்பிருவேன்!"

கெங்கம்மா முந்தானையை விட்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த, ஏலம் கூறும் வேலப்பனைப் பார்த்தாள். "வேலப்பா, கேட்டுகினியா? நான் மேக்கொண்டு கேக்கல. ஏலம் யாரு மேல நிக்கிது?"

அந்தக் கரையின் மீன் ஏலத்தில் விலையை ஏற்றிவிட ஆள் வைப்பது பழைய வழக்கம். அவன் சொன்ன விலைக்கு மேல் யாரும் வாய் திறக்காவிட்டால் மீன் அவன் தலையில்தான். சொன்ன வாயைத் திருப்பி எடுத்தவனுக்கு மறுநாள் கரையில் ஒருவரும் மீன் கொடுக்கமாட்டார்கள்.

வேலப்பனின் தொண்டை பழக்கத்தில் தானாகத் திறந்தது. "தலைவரு மேல ஒரு தரம்..."

கொட்டகையில் எல்லாத் தலையும் ஜெகதீசன் பக்கம் திரும்பியது.

"ரெண்டு தரம்..."

"யோவ், இது இன்னா மீனாய்யா?" ஜெகதீசனின் குரல் கீச்சிட்டது.

"மூணு தரம்!"

விசில் பறந்தது. சௌமியா மகிழ்ச்சியாகப் பொன்னாடையைத் தலைவரின் தோளில் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டாள். படத்தில் அவர் செவுள் வெளுத்திருந்தார்.

புதன்கிழமை. ஏற்காட்டில் ஜெகதீசன் கண்ணைக் கட்டிக்கொண்டு, பின்னாலிருக்கிறவர் பிடிப்பார் என்று நம்பி மல்லாக்க விழும் பயிற்சியில் இருந்தபோது, கெங்கம்மா கூடையும் கையுமாக மைக்கை நோக்கி நடந்தாள். அதே அதிகாரி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா! உங்களை மாதிரி துணிச்சலான பெண்கள்தான் இந்த நாட்டுக்கே தேவை!"

கைதட்டல் எழுந்தது. கெங்கம்மா மைக்கைத் தொடவில்லை. முதலில் திரும்பி, தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள். பிறகுதான் கூடையின் மூடியைத் திறந்தாள்.