என் முன்னிலையில்

லோர்னா பெட்டிஃபருக்குச் சம்பளம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊரில் சூப்பர்மார்க்கெட் வாசலில், லாட்டரிக் கடைக்கு எதிரே ஒரு மடக்கு மேசை, ஒரு ரப்பர் முத்திரை, ‘ஜே.பி. இங்கே’ என்ற அட்டை, இவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். ஜே.பி., அதாவது சமாதான நீதவான் என்ற பெரிய பெயரை வைத்துக்கொண்டு அவள் செய்வதெல்லாம், நகலும் அசலும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவதும், ஒருவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்து, பார்த்தேன் என்று எழுதித் தருவதும்தான். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து பெருமையாக நிற்பார்கள். என் முன்னால்தான் போடவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

அன்றைக்கு அப்படி வந்து நின்றவன் மெர்வ் கிச்சிங். அவன் மனைவி ஏவிஸ், லோர்னாவின் உயிர்த்தோழி. புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவளுக்குப் பேச முடியாமல் போகும்போது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று இப்போதே எழுதி வைக்கிற பத்திரத்தைத்தான் மெர்வ் கொண்டுவந்திருந்தான். கடைசிப் பக்கத்தில் ஏவிஸின் கையெழுத்து நடுங்கி நடுங்கிக் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது.

"இன்னைக்குக் காலையிலதான் கை நடுக்கம் கொஞ்சம் கொறஞ்சுது. அந்த நேரம் பார்த்துப் போட்டுட்டா. நீ முத்திரையைக் குத்திக் குடு லோர்னா. அவ கையெழுத்து உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் சங்கடம். ஒரு குத்துக் குத்தினால் யார் கேட்கப் போகிறார்கள்? கை முத்திரைப் பக்கம் போகவும் செய்தது. ஆனால் ‘என் முன்னிலையில்’ என்று அச்சடித்திருக்கும் வரிக்குக் கீழே அவள் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. மாட்டேன் என்றாள். மெர்வின் முகம் சுண்டிப்போனது. ஏவிஸை மறுபடியும் பேனா பிடிக்க வைத்து வதைக்கப் பார்க்கிறாயே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா என்று கேட்டுவிட்டான். லோர்னா மேசையை மடக்கி, முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவன் வண்டியில் ஏறினாள்.

ஏவிஸ் முன்னறைக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். விதிப்படி முதலில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னாள் லோர்னா.

"என் கல்யாணத்துல என் பக்கத்துல நின்னவ, இப்போ நான் யாருன்னு கேக்கறா பாரு," என்று ஏவிஸ் சிரித்தாள். "அந்த போட்டோவைப் பார்த்துட்டு ஊர்ல போய்ச் சொல்லாதே."

அடுத்து, மெர்வை வெளியே இருக்கச் சொன்னாள். கேட்கிற நேரத்தில் வீட்டார் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவன் முனகிக்கொண்டே தேநீர் போடப் போனான். லோர்னா கதவைச் சாத்திவிட்டு, பத்திரத்தில் என்ன இருக்கிறதென்று உன் வாயாலேயே சொல் என்றாள்.

ஏவிஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டாம், குழாய் வழியாக உணவு வேண்டாம். எல்லாம் தெளிவாகத்தான் வந்தது. கடைசி நாட்கள் எங்கே என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது.

"வீட்டுலதான்னு மெர்வ் எழுதியிருக்கான்."

"அவன் எழுதினது தெரியுது. உனக்கு என்ன வேணும்?"

ஏவிஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் ஹாஸ்பிஸுக்குப் போறேன் லோர்னா. அங்க கடைசி நாள்ல இருக்கறவங்களைத் தூக்கி வைக்க நர்ஸுங்க இருக்காங்க. இங்க அவன் ஒத்தை ஆளா என்னைத் தூக்கிட்டு, குளியலறைக்குள்ள போய் முதுகைப் பிடிச்சுக்கிட்டு அழறான். எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. காலையில அவ்வளவு ஆசையா பேனாவை நீட்டினான். எப்படி வேணாம்னு சொல்றது?"

சூப்பர்மார்க்கெட் வாசலில் முத்திரைப் பக்கம் போன தன் கையை லோர்னா குனிந்து பார்த்தாள். பேனாவை நீட்டினாள். ‘வீட்டில்’ என்பதை அடித்துவிட்டு ஏவிஸ் மேலே ‘ஹாஸ்பிஸ்’ என்று எழுத ஆரம்பித்தாள். எழுத்து எழுத்தாக, மூச்சு வாங்கிக்கொண்டு. அந்தக் கையைப் பிடித்துவிட வேண்டும்போல் இருந்தது. பிடிக்கக் கூடாது. லோர்னா தன் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டார்கள். பிறகு ஏவிஸ் கீழே மறுபடியும் முழுக் கையெழுத்தைப் போட்டாள்.

மெர்வ் கோப்பைகளோடு உள்ளே வந்தான். ஏவிஸே பத்திரத்தை அவன் பக்கம் தள்ளினாள். நின்றபடியே படித்தான்.

"நான் தூக்கிடுவேனே, ஏவி."

"தூக்குவே. தெரிஞ்சுதான் எழுதினேன். அங்க வந்து நீ சும்மா என் பக்கத்துல உக்காரு."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை அவள் போர்வையில் புதைத்துக்கொண்டான். அழுகையை இந்தமுறை ஒளிக்கவில்லை. ஏவிஸ் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

லோர்னா முத்திரையைக் குத்தினாள். ‘என் முன்னிலையில்’ என்ற வரிக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அதுவும் கோட்டைத் தாண்டி ஓடியது.