கேவலாருக்குப் போக லீவு

எனக்குக் கீழே இரண்டு பேர் வேலை செய்தார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. என்னோடு வேலை செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடுதான் இது.

2007ஆம் ஆண்டு. ஜேர்மனியில், வுப்பர்டாலில் என் குசினி மேசையில் இருந்துதான் அந்தத் தொழிலை நடத்தினேன். பல் டொக்டர், குழாய் திருத்துகிறவர், கார் பழக்குகிறவர் என்று, கந்தோருக்கு ஆள் வைக்க வசதியில்லாதவர்களின் ரெலிபோன் எல்லாம் எங்களுக்கு வரும். அவர்கள் பெயரைச் சொல்லி எடுப்போம், ரெர்மின் என்று சந்திக்கும் நேரம் குறித்துக் கொடுப்போம், கடிதம் அடித்து மின்னஞ்சலில் அனுப்புவோம். நேசமலரும் லவினியாவும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்தே செய்தார்கள். இருவருமே சொந்தத் தொழில் என்று பதிந்தவர்கள். மாதம் முடிய எனக்கு பில் அனுப்புவார்கள்.

நேசமலர் தங்கமான பிள்ளை. லவினியாவைத்தான் எனக்குப் பிடிக்காது. "சனிக்கிழமை எனக்கு ஏலாது அக்கா, வேறை ஆளைப் பாருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். எனக்குச் செய்வது போக இன்னும் மூன்று பேருக்கும் செய்தாள்.

அந்த யூலையில் ஓய்வூதியக் காப்புறுதிக் கந்தோரில் இருந்து எங்களுக்குப் படிவங்கள் வந்தன. இவர்கள் உண்மையிலேயே சொந்தத் தொழில்காரரா, இல்லை உன் வேலையாட்களா என்று கேட்டிருந்தார்கள். வேலையாள் என்று வந்தால் காப்புறுதியில் பாதியை நான் கட்ட வேண்டும். கட்டினால் தொழில் நிற்குமா என்று எனக்கே தெரியாது.

லவினியா தன்னுடையதை அன்றைக்கே நிரப்பி அனுப்பிவிட்டாள். நேசமலர் நோகிற முழங்காலோடு மூன்று மாடி ஏறி என்னிடம் கொண்டுவந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேள்விகளை வாசித்தேன்.

"வேலை நேரத்தை ஆர் தீர்மானிக்கிறது?"

"நீங்கள்தானே அக்கா."

"வேறை ஆருக்கும் வேலை செய்யிறீரோ?"

"சீ, உங்களை விட்டிட்டு நான் ஏன் போறன்."

"உமக்கு ஏலாட்டில் உம்மடை இடத்திலை வேறை ஆளை இருத்தலாமோ?"

"உங்களைக் கேக்காமலோ அக்கா?"

பேனையை வைத்துவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் கையெழுத்தில் லீவுப் பட்டியல் தொங்கியது. ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒரு சனிக்கிழமை ஊர்ச்சனம் எல்லாம் கேவலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும். ரெலிபோனுக்கு ஆள் வேண்டுமே என்று நான்தான் பட்டியல் போடுவேன். கடந்த மூன்று வருடமும் நேசமலரின் பெயருக்கு நேரே 'லீவு கொடுத்தாச்சு' என்று எழுதியிருந்தேன். லவினியாவின் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. அவள் கேட்டதே இல்லை. எனக்குப் பிடிக்காத அந்த வாய்தான் சட்டப்படி சரியான வாய்.

"இஞ்சை பாரும் நேசம். இனி என்னட்டை லீவு கேக்கக் கூடாது. வரமாட்டன் எண்டு சொல்லவேணும். நீர் ஒரு முதலாளி, விளங்குதோ?"

"ஓம் அக்கா. முதலாளிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போடுங்கோவன்."

போட்டேன். அவள் கலக்கினாள். முழங்காலைத் தடவினாள்.

"அப்ப அக்கா, வாற மாசம் கேவலாருக்கு நான் போகட்டே? காலுக்கு ஒரு நேர்த்தி இருக்கு."

சிரிப்பு வரவில்லை. அந்தக் காலை வெட்டித் தைத்து இரண்டு மாதம் படுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. படுத்தால் உழைப்பு இல்லை என்றுதான் தள்ளிக்கொண்டு வந்தாள். அதையும் என்னைக் கேட்டுத்தான் தள்ளினாள். நானும் "ஓம், பிறகு பாப்பம்" என்றிருந்தேன்.

பேனையை எடுத்தேன். வேலையாள் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

"என்னக்கா செய்யிறியள்?"

"உள்ளதைத்தான் எழுதுறன். வேலையாள் எண்டால் வருத்தத்திலை படுத்தாலும் சம்பளம் வரும். கேவலாருக்குப் போட்டு வாரும். வந்து காலை வெட்டும்."

"அப்ப ரெலிபோன்?"

பட்டியலில் அந்தச் சனிக்கிழமைக்கு நேரே என் பெயரை எழுதினேன். அதற்குள் மணி அடித்தது. பல் டொக்டரின் பெயரைச் சொல்லி எடுத்தேன்.