கோட்டுக்கு நாலு பொத்தான்

பத்து நாள் குளிர்கால லீவு. எட்டு மணி வரை போர்வைக்குள் சுருண்டு கிடக்கலாம், ஜன்னலோர வெயிலில் காலை நீட்டி ஆரஞ்சுப் பழம் உரிக்கலாம் என்று டீச்சர் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். நினைப்புத்தான்! வீட்டில் அப்பா என்று ஒருவர் இருக்கிறாரே.

முதல் நாளே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ரயிலில் ஒரு நாள் தூரத்தில், பெரிய பள்ளிக்கூடம். தலைமையாசிரியை வேலை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நீங்களும் வந்துடுங்கப்பா."

"இந்த வீட்டை விட்டா? என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார். பிறகு, "நீ போம்மா, ரொம்ப நல்லது" என்றவர், அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், "குழாய் ஒழுகுது, கொஞ்சம் பாரேன்" என்றார்.

அன்று பிடித்த சனியன் விடவில்லை. மறுநாள் அலமாரிக் கதவு ஆடியது. அதற்கடுத்த நாள் தலையணை உறை கிழிந்தது. அவள் பேச்சை எடுத்தால் போதும், எங்கிருந்தோ ஒரு வேலை முளைக்கும். பொய் சொல்வானேன், அதெல்லாம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. திருகாணியை முடுக்கிவிட்டு, அப்பாவும் மகளுமாகச் சூடாக டீ குடித்தால் வேறென்ன வேண்டும்? ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அப்பா கோட்டோடு வந்து நின்றார்.

"நாலு பொத்தானும் விழுந்துடுச்சும்மா."

நாலும் ஒரே நாளிலா? கோட்டை வாங்கிப் பார்த்தாள். அறுந்த நூல் பிசிறடித்திருக்கும். இது பளிச்சென்ற கத்தரி வெட்டு.

"வெட்டினீங்களாப்பா?"

தபால் ஆபீஸில் முப்பது வருஷம் ஒரு பொய் சொல்லாத மனுஷர். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா."

"அந்தக் குழாய்?"

"அதுவும் நான்தான்."

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா நீ சண்டை போட்டுட்டுப் போயிடுவியேம்மா."

உண்மைதான். சண்டை போட்டிருப்பாள், போயுமிருப்பாள். கோபம் பொங்கியது, அழுகையும் கூடவே வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனை எடுத்தாள். எதிரே அப்பா கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, பொத்தானில்லாத இரண்டு பக்கத்தையும் கையால் இழுத்துப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சார்," என்றாள் போனில். "நான் வரல."

போனை வைத்துவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள். கண் மறைத்தது. முதல் பொத்தானை வெடுக் வெடுக்கென்று தைத்தாள்.

அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்த லீவில் அவர் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"மெதுவாத் தைம்மா" என்றார். "இனிமே என்ன அவசரம்?"