ஒல்டிரிகோ வீட்டுப் பனி

1993 ஆவணி தொடக்கம், இத்தாலியின் பலேர்மோவில் பேராசிரியர் ஒல்டிரிகோவின் படிப்பறைக்குள் மட்டும் பனி கொட்டியது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கவிஞரான அந்த மனிதர் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் நாற்பது வருடம் நடந்து, மாடு மேய்ப்பவர்களிடமும் பாற்கட்டி செய்பவர்களிடமும் கதை கேட்டு, கதைக்கு ஓர் அட்டையாக எழுதி அடுக்கியவர். வயதான காலத்தில் மனைவியின் ஊர் என்று இங்கே வந்தார். அட்டைகளும் கூடவே வந்தன. இழுப்பறையைத் திறந்தால் முகட்டிலிருந்து பனி விழும். அதை அள்ளுவது மன்னார் வங்காலையிலிருந்து வந்த வேலைக்காரி றோசமலரின் பாடு. நாளுக்கு ஆறு கூடை. பல்லரோ சந்தை மீன்காரர்கள் வாசலில் நின்று, மீனுக்குப் போட வாங்கிப் போவார்கள். அவளுக்கு இடுப்பு முறிந்தது.

ஒரு மத்தியானம் அவர் கேட்டதால் அவளும் ஒரு கதை சொன்னாள். வள்ளம் கவிழ்ந்து தத்தளித்த தன் அப்பு சுவாம்பிள்ளையை ஒரு கடற்பசு மூன்று நாள் முதுகில் ஏற்றிக் கரை சேர்த்த கதை. 1996இல் அவருடைய புத்தகம் வந்தது. றோசமலரின் மகள் றஜிதா அதை வாசித்துச் சொன்னாள். கடல் மலையேரியாகியிருந்தது, கடற்பசு வெறும் பசுவாகியிருந்தது, அப்பு யாரோ ஓர் இடையன்.

"அம்மா, உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்லை."

"அப்புவின்ர?"

"அதுவும் இல்லை."

கூலிக்கு வந்தவள் என்றால் அப்பனும் இல்லாதவளா என்று றோசமலர் கொதித்தாள். அடுத்த நாள் அட்டைகளை இழுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஊர், உயரம், திகதி எல்லாம் இருந்தன. சொன்னவர் பெயர் ஒன்றிலும் இல்லை. மலைச்சனங்கள் பெயர் சொல்லவில்லை என்றார் பேராசிரியர். கோபத்தில் அவளுக்கு இத்தாலியன் வரவில்லை.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

தமிழில் கேட்டது அவருக்கு விளங்கியது.

வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற இருப்பு அனுமதியும் போகும், நாட்டில் இருக்கவே முடியாது. அது தெரிந்தும் அவள் மண்வெட்டியைச் சாத்தினாள். "பேர் எழுதுமட்டும் நான் அள்ளமாட்டன்." அவரோ இழுப்பறைகளைத் திறந்தபடியே இருந்தார். பனி முழங்காலுக்கு வந்தது, மேசைக்கு வந்தது. கழுத்துக்கு வந்தபோது அவர் பேனாவை எடுத்தார். முதலில் அவளுடைய அட்டை. ஏரியை வெட்டிக் கடலாக்கி, அப்புவின் பெயரும் அவள் பெயரும் எழுதினார். அந்த அட்டைக்குரிய பனி நின்றது. மற்றவர்களின் பெயர்களை ஞாபகத்திலிருந்து தோண்ட இரண்டு வருடம் பிடித்தது.

முகம் தெரிந்தும் பெயர் வராத முப்பத்தொரு அட்டைகள் மிஞ்சின. அவற்றுக்காகத் தினமும் ஒரு கூடை பனி விழுந்தது. பேராசிரியரே அதை அள்ளி, படியிறங்கி மீன்காரரிடம் கொடுத்தார். றோசமலர் படியைத் துடைத்தபடி, அவர் சிந்தியதைக் காட்டுவாள்.

"அதையும் அள்ளுங்கோ."