கேட்காத ஒலிக்கு உயர்ந்த கை

மருத்துவமனையின் காது பரிசோதனை அறையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நோயாளி ஹெட்போன் மாட்டி உட்காருவார். இவள் பொத்தானை அழுத்துவாள். ஒலி கேட்டால் அவர் கை தூக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இந்தச் சோதனை உண்டு. புற்றோடு போராடும் அந்த மருந்து சிறுநீரகத்தையும் காதையும்கூடப் பதம் பார்த்துவிடும்.

அன்று மூன்றாவது சுற்றுக்கு முன் வந்தவன் அவளுடைய தம்பி. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். தொண்டையில் புற்று.

"என்னக்கா, பாஸ் போட்டு விட்டுருவல்ல?" என்று சிரித்தான்.

எல்லா ஒலிக்கும் கை தூக்கினான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் கவனித்தாள், அவன் கண் அவள் தோளைவிட்டு நகரவில்லை. பொத்தானை அழுத்தாமல் தோளை மட்டும் அசைத்தாள். கை உயர்ந்தது.

உள்ளே போய் அவன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி சோதித்தாள். கீச்சென்ற ஒலிகள் எதற்கும் கை எழவில்லை.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சொல்லியிருக்கிறார். காது கெட்டால் மருந்தை மாற்றிவிடுவார்களாம், மாற்று மருந்துக்கு அவ்வளவு வீரியம் கிடையாதாம்.

"எழுதாதக்கா," என்றான்.

"உன் பாப்பா அப்பான்னு கூப்பிடறது காதுல விழ வேணாமாடா?"

"அவ கூப்பிடும்போது நான் இருக்கணும்ல."

ஆனாலும் உள்ளதை உள்ளபடியே எழுதினாள்.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டுக் கார்போபிளாட்டின் என்ற மாற்று மருந்துக்கு மாற்றினார். தம்பி அக்காவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவளைக் கிண்டலடிக்கவுமில்லை.

எட்டு மாதத்தில் நோய் நுரையீரலில் தலைகாட்டியது. பழைய மருந்தே தொடர்ந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று டாக்டரிடம் கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாது, சிறுநீரகமே தாங்கியிருக்காது என்றார் அவர். அவள் தலையாட்டினாள். மனசு ஆறவில்லை.

அவன் கண்மூடிய மறுநாள், அவன் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நாள் வரைக்கும் பாப்பா பேசினது அவருக்குக் கேட்டுச்சு அண்ணி. உங்களாலதான்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அக்கா எழுந்து குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.