பின்பக்க பிரேக்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. தூறல் விழுந்த மாதிரியும் இருக்கிறது, வெயில் அடித்த மாதிரியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். மறுநாள் அக்கா தன் மகளை எங்கள் அம்மா வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாள்.

பழைய பள்ளியின் வாசலில் அத்தானின் கார் பிரேக் பிடிக்காமல் போய்ச் சுவரில் முட்டிய அன்றே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். “ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள பிரேக்கச் சரி பண்ணி, அந்தக் கார்லயே வந்து கூப்பிடுங்க, வர்றேன்” என்று அத்தானிடம் சொல்லியிருந்தாள். ஒர்க்‌ஷாப்பில் விடச் சொல்லி மாதக்கணக்காகக் கெஞ்சியவள். அத்தானுக்கோ, அடுத்தவன் கை தன் காரில் படக்கூடாது.

நான் துணைக்குப் போனபோது, ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தார். சக்கரத்தின் பிரேக்கைத் தாங்குகிற காலிப்பரின் போல்ட் அசையவில்லை.

“உங்க அக்காவேதான் மச்சான். பிடிச்ச பிடி விடாது.”

“அவளுக்கு ஏத்த ஸ்பேனர் எந்தக் கடையிலயும் கிடையாது அத்தான்.”

சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் கடைசி என்று எழுத ஆசை. அதுவும் உண்மையா, தெரியவில்லை.

ஒருவழியாகப் போல்ட் கழன்றது. புது டிஸ்க் அழகாக உட்கார்ந்தது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற புதுப் பேட் தடிமன். அது நுழைய வேண்டுமென்றால், பேடை அழுத்துகிற பிஸ்டன் உள்ளே போயாக வேண்டும். அதற்கு முந்தைய வருடம் முன்சக்கரத்தில் கிளாம்பு வைத்து அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு போனது. அதே கிளாம்பை இங்கேயும் வைத்தார். நகரவில்லை.

“துரு,” என்றார். கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இன்னும் இறுக்கினார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. பிரேக் ஆயில் அவர் மணிக்கட்டில் வழிந்தது.

அத்தான் கிளாம்பைக் கழற்றிக் கீழே வைத்தார்.

தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். “இந்த வண்டியில பின்சக்கரத்துப் பிஸ்டனத் தள்ளக் கூடாதுங்க. திருகிக்கிட்டே உள்ள விடணும். ஹேண்ட் பிரேக்கும் அதுக்குள்ளதான இருக்கு? காலிப்பரே போச்சு. நாளைக்குத்தான் கடை திறப்பாங்க.”

அத்தானின் கையெல்லாம் ஆயில். அக்காவை அழைத்து, அவர் காதருகே போனை நான்தான் பிடித்தேன்.

“ஒர்க்‌ஷாப்புல என்ன சொன்னாங்க?” என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

“நானேதான்... பாதியில நிக்குது. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கம்மா.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது.

“சரி. பாப்பாவுக்கு யூனிஃபார்ம் அளவெடுத்தாச்சு. தம்பிய சாப்பிட வெச்சு அனுப்புங்க.”

பாப்பா திங்களன்று புதுப் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அக்கா திரும்பிப் போகவில்லை. மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அத்தான் வீட்டைக் காலிசெய்து ஒற்றை அறைக்குப் போனார். நான் மட்டும் அவ்வப்போது போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். போன வருடம் இறந்துபோனார்.